அக்கா வளைத்த வடிகால்

என் அக்காவுக்கு நகராட்சியில் வைத்திருந்த பெயர் ‘நிக்கட்டும்’. தோட்டப் பிரிவில் மரங்களைப் பார்வையிடுவது அவள் வேலை. யாராவது ஒரு மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்டால் அக்கா அங்கே போய், தோள்பையிலிருந்து சின்ன மரச்சுத்தியை எடுத்து, அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கேட்பாள். உள்ளே கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், உளுத்திருந்தால் வேறு சத்தம். கேட்டு முடித்ததும் சுத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு “நிக்கட்டும்” என்பாள். கடைப் பலகையை மறைக்கிறது என்பார்கள். “பலகைய நகர்த்துங்க, மரம் நிக்கட்டும்.” காரின் மேல் பறவை எச்சம் என்பார்கள். “கார எங்கயாவது விடுங்க, மரம் நிக்கட்டும்.”

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அக்காவுக்குக் கோபமே வராது. அவளுக்கு இருந்தது பிடிவாதம். அது கோபத்தைவிட மோசம் என்பது என் கட்சி.

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் தெருவைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. தெருவைச் சொன்னால் மாமாவைச் சொல்ல வேண்டும். 

எங்கள் தெருவில் ஒரு பக்கம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். சாயங்காலம் ஆனாலும் சரி, மழை வரப்போகிறது என்றாலும் சரி, இலைகளை மூடிக்கொண்டுவிடும். அதனால் அந்தப் பெயர். வெயில் காலத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினால் யாரோ தலையில் ஈரத்துண்டைப் போட்டதுபோல இருக்கும். மூலையில் நின்றது இருப்பதிலேயே பெரியது. அதன் கீழேதான் அக்காவின் கணவர், என் மாமா, தையல் மிஷின் போட்டிருந்தார். புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுவது, தொளதொளவென்றிருக்கும் சட்டையைப் பிடித்துத் தைப்பது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் பள்ளிச் சீருடையின் விளிம்பைப் பிரித்து இறக்குவது, இவ்வளவுதான். மதியத்தில் மடியில் இருக்கும் துணியின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடுவார். எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. அங்கிருந்து நான் கத்துவேன்.

“மேல தூங்குமூஞ்சி, கீழ தூங்குமூஞ்சி! நடுவுல மிஷின் மட்டும்தான் முழிச்சிருக்கு!”

“பொறாமை” என்பார் மாமா, கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டி.

மழை வந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்காக நகராட்சி மழைநீர் வடிகால் போட வந்தது. கூடவே அகலமான புது நடைபாதை. திட்டம் போட்ட இன்ஜினியரைக் கையில் அளவுகோல் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. ஸ்கேல் சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கெட்ட மனிதர் இல்லை. அவர் கோடு போட்டால் நேராகப் போகும், அவ்வளவுதான். அந்தக் கோடு மூலை மரத்தின் மேலேயே போனது.

அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அலுவலகத்தில் நடந்த பேச்சை அன்று சாயங்காலம் அவளே நடித்துக் காட்டினாள்.

“தண்ணி போக வழி வேணும், சரி சார். அந்த மரமும் தண்ணிய வாங்கிக்குதே, அது உங்க கணக்குல இல்லையா? மரத்த எடுத்துட்டு நிழலுக்குப் பந்தல் போடறேங்கறீங்க. பந்தல் தண்ணி குடிக்குமா? பந்தல்ல மைனா கூடு கட்டுமா?”

“மேடம், மைனாவுக்கு நான் எங்க போவேன்?”

“இத்தன நாள் ரோட்ட வரைஞ்சுட்டு மிச்ச இடத்துல மரத்த நட்டோம். ஒரு தடவையாவது மரத்த வச்சுட்டு மிச்ச இடத்துல ரோட்ட வரைஞ்சு பாருங்க.”

நகரம் என்றால் கட்டடமும் சாலையும் மட்டும் இல்லை, அதில் குடியிருக்கிற எல்லா உயிரும் சேர்ந்ததுதான் நகரம், அப்படித்தான் திட்டம் போட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் வாதம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. இந்தத் தெருவில் அதைச் செய்து காட்டிவிட்டால் போதும், அடுத்து வடிகால் வரப்போகும் தெருக்களிலும் மரங்களை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

கடைசியில் ஸ்கேல் சார் வரைபடத்தை மேசையில் விரித்து, “எப்படி வளைக்கணும், நீங்களே காட்டுங்க” என்றார். அக்கா விரலால் வளைத்துக் காட்டினாள். கோடு மூலை மரத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டாவது மரத்தின் சாலைப் பக்கத்தை ஒட்டிப் போய், அதைத் தாண்டிப் பழைய நேர்கோட்டில் சேர்ந்தது.

அந்த வரைபடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதில் மரம் என்றால் ஒரு புள்ளி, புள்ளியைச் சுற்றிப் பச்சையில் ஒரு வட்டம். புள்ளி அடிமரம், வட்டம் கிளைகள். மண்ணுக்குக் கீழே தண்ணீர்க் குழாய்க்கு நீலக்கோடு, மின்கம்பிக்குச் சிவப்புக்கோடு, சாக்கடைக்குப் பழுப்புக்கோடு. வேருக்கு என்று எதுவும் கிடையாது. யாரும் வேண்டுமென்றே விட்டதில்லை. குழாய் போட்டவனுக்குக் குழாய் எங்கே போகிறது என்று தெரியும். வேர் எங்கே போகிறது என்று மரத்துக்குத்தான் தெரியும். புள்ளியிலிருந்து கோடு இவ்வளவு தள்ளி இருந்தால் போதும் என்று ஒரு விதி இருந்தது. ஸ்கேல் சார் இரண்டாவது மரத்தின் புள்ளியில் அளவுகோலை வைத்துப் பார்த்து, “இதுக்குத் தூரம் சரியா இருக்கு மேடம்” என்றார். அக்காவும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இருவரும் ஒன்றாக டீ குடித்தார்கள்.

பள்ளம் தோண்டும் எந்திரம் வந்த அன்று அக்கா விடுப்புப் போட்டுவிட்டு மூலை மரத்தடியில் வந்து நின்றாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எந்திரத்தின் கை ஒரு சாண் உள்ளே வந்தாலும் அவளுடைய கை மேலே போகும். ஓட்டுநர் பாவம், நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். மூலையைத் தாண்டியதும் “அப்பாடா” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எந்திரம் இரண்டாவது மரத்தின் பக்கம், சாலை ஓரமாக, யாரும் கை காட்டாததால் கடகடவென்று தோண்டிக்கொண்டு போனது. அங்கே எது அறுபட்டது, எவ்வளவு அறுபட்டது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கான்கிரீட் போட்டு மூடி, மேலே புதுக்கல் பதித்துவிட்டார்கள்.

தெரு அழகாகத்தான் ஆயிற்று. வளைவுக்கு எல்லோரும் ‘அக்கா வளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூலை மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு பெஞ்சு கட்டினார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், நடைக்கு வரும் பெரியவர்களும், காத்திருக்கும் வாடிக்கைக்காரர்களும் அதில் உட்கார்ந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள், பெற்ற பிள்ளையின் முதுகில் தட்டுகிற மாதிரி. எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் மூலை மரத்தின் அடியில், பெஞ்சுக்கும் மண்ணுக்கும் நடுவில், தட்டுத் தட்டாக ஒரு காளான் முளைத்தது.

அன்றிலிருந்து அக்காவின் முகம் சரியில்லை. காலையில் அலுவலகம் போகுமுன் குனிந்து பார்ப்பாள். வரும்போது குனிந்து பார்ப்பாள். சுத்தியால் தட்டினால் சத்தம் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் சுத்தி அடிமரத்தைத்தான் சொல்லும், வேர் அழுகியிருந்தால் சொல்லாது. நானும் அவளும் எதிரெதிர் வீடு. ஒரு நாள் அவள் சமையலறையில் வைத்துப் பிடித்தேன்.

“என்ன அக்கா, அந்த மரத்துக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமயா அங்கயே குனிஞ்சு குனிஞ்சு நிக்கற?”

கரண்டியைக் கீழே வைத்தாள். “அந்தக் காளான் வந்தா வேர் உள்ள அழுகுதுன்னு அர்த்தம். எப்பவும் இல்ல. பல நேரம்.”

“அப்ப சொல்லிட வேண்டியதுதான?”

“சொன்னா நாளைக்கே வெட்டிடுவாங்க. வெட்டிட்டு, ‘பாத்தீங்களா மேடம், வளைச்சு வளைச்சு கடைசில என்னாச்சு’ம்பாங்க. அடுத்த தெருவுக்கெல்லாம் கோடு நேராப் போயிடும். எத்தன மரம் போகும் தெரியுமா? உள்ள எப்படி இருக்குன்னு பாக்கற கருவி ஒண்ணு கேட்டு வச்சிருக்கேன். மழை நின்னதும் வரும். அதுவரைக்கும் தாங்கும்.”

“தாங்கும்னு உனக்குத் தெரியுமா?”

அவள் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை கடையைத் திறந்தபோது மாமாவின் மிஷின் மூலையில் இல்லை. இரண்டாவது மரத்தடியில், கட்டடத்தை ஒட்டிய பக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாமா, வீடு மாத்திட்டீங்க?”

“உங்க அக்கா உத்தரவு. இங்கதான் காத்து நல்லா வருதாம். எனக்கு மூலைதான் வசதி. யார் கேக்கறா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலை அக்காவை வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி கேட்டேன். “உன் புருஷன மட்டும் நகர்த்தினா போதுமா? அந்த பெஞ்சுல உக்கார்ற பசங்க யாரு பெத்த பிள்ளைங்க?”

“கத்தாத.”

“கத்தத்தான் செய்வேன்.”

“பெஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கறோம்னு கயிறு கட்டச் சொல்லியிருக்கேன். யாரும் உக்கார மாட்டாங்க. போதுமா?” அவள் கண் கலங்கியிருந்தது. “அவர அங்க வச்சுட்டு என்னால ஆபீஸ்ல உக்கார முடியலடி. மரத்தையும் விட முடியல. ரெண்டாவது மரம் கல்லு மாதிரி இருக்கு. தட்டிப் பாத்துட்டுத்தான் மாத்தினேன்.”

கயிறு கட்டினார்கள். பிள்ளைகள் கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். நான் கடையிலிருந்து விரட்டி விரட்டித் தொண்டை கட்டிக்கொண்டேன். தெருவே என்னைப் பைத்தியம் என்றது. மூலை மரத்தை மட்டும்தான் நாங்கள் இருவரும் பார்த்தோம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் மாமா சாலையைக் கடந்து வந்தார். “ஜெராக்ஸம்மா, பேப்பர் வந்த அட்டப்பெட்டி இருந்தா ஒரு துண்டு கிழிச்சுக் குடு. மிஷின் ஆடுது.”

மரத்தை ஒட்டியிருந்த மிஷினின் கால் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அட்டையை மடித்துக் கீழே வைத்தார். இரண்டு நாள் கழித்து இன்னொரு துண்டு கேட்டார். பிறகு இன்னொன்று. தையல் கோணிப் போகிறது, துணி ஒரு பக்கமாகவே வழுக்குகிறது என்று முணுமுணுத்தார். மரத்தின் மறுபக்கம், சாலை ஓரம், எப்போதும் இருசக்கர வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். அந்த வண்டிகளுக்குக் கீழே கற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்ததை வண்டியை எடுக்க வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நடைபாதைக் கல் விலகினால் யார் என்ன நினைப்பார்கள்?

அன்று இரண்டு வீட்டுக்கும் சாப்பாடு அக்கா வீட்டில். மாமா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“உங்க ஆபீஸ் போட்ட நடைபாதை லட்சணம் இதுதான். என் மிஷின் நாளுக்கு நாள் இறங்குது.”

“மண்ண ஒழுங்கா இடிச்சுக் கெட்டியாக்காம கல்லு பதிச்சிருக்கான் காண்ட்ராக்டர்” என்றாள் அக்கா. “மழை பெஞ்சா இறங்கத்தான் செய்யும். ஸ்கேல் சார்கிட்ட சொல்றேன்.”

“நான் மொத்தமா மண்ணுக்குள்ள போனதுக்கப்புறம் சொல்லு.”

எல்லோரும் சிரித்தோம். அக்காவும்தான் சிரித்தாள். மரத்தோடு பழகிய இத்தனை காலத்தில் அவள் காதில் விழுந்த எச்சரிக்கைகளில் ‘மிஷின் இறங்குது’ என்பதைவிடத் தெளிவானது எதுவும் இருந்திருக்காது. காண்ட்ராக்டர்களோடும் அதே அளவு பழகியிருந்ததால் அது வேறு மாதிரி கேட்டது. மண் தானாக இறங்கவில்லை. சாலைப் பக்கத்து வேரெல்லாம் போய்விட்ட மரம், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், மறுபக்கத்து மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தது.

விழுந்த அன்று காற்றே இல்லை. அதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பகல்தான், ஆனால் மேகம் இறங்கி இருட்டிக்கொண்டிருந்தது. வரிசையிலிருந்த மரமெல்லாம் இலையை மூடிக்கொண்டன. நான் ஒரு காலேஜ் பெண்ணுக்குப் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாமாதான் எதையோ கிழிக்கிறார் என்று நிமிர்ந்தேன். இரண்டாவது மரத்துப் பக்கம் நின்ற வண்டிகள் தரையோடு சேர்ந்து மேலே எழும்பிக்கொண்டிருந்தன.

“மாமா!” என்று கத்தினேன். உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

தினமும் கத்துகிறவள்தானே. மாமா மடியில் தலை சாய்த்தபடி, கண்ணைத் திறக்காமல், கையை மட்டும் ஆட்டினார்.

அக்கா வந்தபோது தெருவில் கூட்டம். கிளைகளை அறுத்து வழி செய்துகொண்டிருந்தார்கள். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தோள்பையோடு உள்ளே புகுந்து, மூடிய இலைகளைக் கையால் விலக்கி விலக்கித் தேடினாள். அவளைப் பிடித்து இழுத்து வர என் ஒருத்தியால் முடியவில்லை.

ஸ்கேல் சார் மறுநாள் வந்தார். அடிமரம் இருந்த இடத்திலிருந்து வடிகால் வரை டேப்பை இழுத்தார். இரண்டு முறை இழுத்தார். “தூரம் சரியாத்தான் இருக்கு” என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லிவிட்டு நடைபாதையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து கிடந்த வேர்க்கட்டில் சாலைப் பக்கம் முழுக்க, கத்தரி வைத்ததுபோல, வேர்கள் ஒரே கோட்டில் நின்றுபோயிருந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். “கோடு எங்க போச்சுன்னு நான்தான் காட்டினேன். வேர் எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? தெரியாதா எனக்கு?” இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த வாரத்துக்குள் வரிசை முழுவதையும் வெட்டினார்கள். தெருவே நின்று வெட்டச் சொன்னது. மூலை மரத்தின் அடிக்கட்டையை நானும் போய்ப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக, கெட்டியாக, எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது. காளான் இருந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அது இன்னும் பல காலம் நின்றிருக்கும். சாயங்காலம் மைனாக்கள் வழக்கம்போல வந்து, இறங்க இடமில்லாமல் வெறும் தெருவுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் ஷட்டரை இறக்கிவிட்டேன். அடுத்த தெருக்களுக்கான வரைபடத்தில் எல்லாக் கோடும் நேராகிவிட்டது என்று அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். மாமாவின் அக்கா மட்டும் விடவில்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

“அந்த மூலையிலயே உக்காந்திருந்தா என் தம்பி இருந்திருப்பானே! எத்தன வருஷமா அங்கதான இருந்தான்? யாரு சொல்லி இந்தப் பக்கம் வந்தான்?”

 சுவரில் சாய்ந்திருந்த அக்கா நிமிர்ந்து வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“மூலைல சாரல் அடிக்குதுன்னு மாமாவேதான் மாறினாரு, அண்ணி.”

கல் போலச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் பார்ப்பாள், எடுத்தால் எடுப்பதைப் பார்ப்பாள். வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஒரு காலையில், தட்டை நகர்த்திவிட்டு என்னைக் கேட்டாள்.

“சாரலுக்காகன்னு ஏன் சொன்ன?”

“வேற என்ன சொல்லச் சொல்ற? அந்தம்மா உன்ன சும்மா விடுவாங்களா?”

“எல்லாரும் அதையே சொல்றாங்க. நேத்து நானே ஒருத்தர்கிட்ட அப்படிச் சொல்லிட்டேன். சொல்லும்போது கஷ்டமாவே இல்ல. அதான் பயமா இருக்கு.” என் கையைப் பிடித்தாள். “நீ ஒரு தடவ சொல்லுடி. நடந்தத சொல்லு.”

“வேணாம் அக்கா.”

“சொல்லு. உன்னத் தவிர யாருக்கும் தெரியாது.”

யாரிடமும் எதையும் பொறுத்துப் பேசிப் பழக்கமில்லாத நான் அன்று கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“நீதான் மாத்தின” என்றேன். “ஊருக்கெல்லாம் சொல்லாம, அவர மட்டும் மாத்தின.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் எடுக்கும் வரை என்னைப் பார்க்கவில்லை.

“அண்ணி, நான்தான் பேசறேன்” என்றாள். “அவர் சாரலுக்காக மாறல.”